பேட்டரிய கழட்டுனா மட்டும் போதாது பாப்பா

பாப்பா,

நேத்து ராத்திரி நீ அனுப்புன போட்டோ பாத்தேன், என்னோட பழைய விவிடார் 283 கேமரா ஃபிளாஷ மேஜைல வச்சு பக்கத்துல ஸ்க்ரூடிரைவர் எல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருக்க. பொங்கலுக்கு வந்தப்ப பரண்ல இருந்து அத எடுத்து துடைச்சு நான் வச்சுக்கவாப்பான்னு கேட்டியே, அப்ப மனசு நெறஞ்சு போச்சு எனக்கு, எத்தன கல்யாண வீடு பாத்த ஃபிளாஷு அது. ஆனா போட்டோக்கு கீழ எழுதிருந்த பாரு, "ரெடி லைட் வரலப்பா, பேட்டரிய கழட்டிட்டேன், ஞாயித்துக்கிழமை பிரிச்சு பாக்குறேன்"னு, அத படிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே வரல. அதான் காலைல எழுந்ததும் டைப் பண்றேன், நீளமாத்தான் இருக்கும், முழுசா படிச்சிட்டு அப்புறம் ஸ்க்ரூவ தொடு.

பேட்டரிய கழட்டிட்டா பயமில்லன்னு நெனைக்கிற பாரு, அங்கதான் தப்பு. நாலு பென்சில் செல் சேந்தா வெறும் 6 வோல்ட், அது ஒண்ணும் பண்ணாது. உள்ள இருக்குற சர்க்யூட் அந்த 6 வோல்ட்ட 300, 330 வோல்ட் வரைக்கும் ஏத்தி ஒரு பெரிய கண்டன்சர்ல, அதாவது கரண்ட சேத்து வைக்கிற உருளைல, நிரப்பி வைக்குது, ஆன் பண்ணதும் ங்ஙீன்னு சன்னமா ஒரு சத்தம் ஏறுமே, அது நிரப்புற சத்தம்தான். செல்ல உருவிட்டாலும் நிரப்புனது அப்படியே இருக்கும், மணிக்கணக்குல இருக்கும், நாள்கணக்குலயும் இருக்கலாம். ஃபிளாஷ் அடிக்க தயார்னு காட்டுற அந்த ரெடி லைட் அணைஞ்சிருக்கு, காலின்னு நெனைக்காத, அது ஒரு அளவு வோல்ட்டுக்கு மேலதான் எரியும், அதுக்கு கீழ 200 வோல்ட் நின்னாலும் அணைஞ்சுதான் இருக்கும். இந்த சைஸ் ஃபிளாஷ்ல கண்டன்சர் ஆயிரம் மைக்ரோஃபாரட் பக்கம் வரும், 330 வோல்ட்டுக்கு கணக்கு போட்டா 54 ஜூல், அதாவது கடைல வச்சிருப்பாங்கல்ல ஒரு கிலோ படிக்கல்லு, அத 18 அடி உயரத்துல இருந்து போட்டா என்ன வேகத்துல வந்து விழுமோ அவ்ளோ சக்தி.

சின்ன வயசுல என் விரல் நுனில இருக்குற ரெண்டு வெள்ள புள்ளிய தடவிக்கிட்டே இது என்னப்பான்னு கேப்ப, எண்ணெய் தெறிச்சதுன்னு சொல்லி வச்சேன். அது எண்ணெய் இல்லம்மா. 1993 வைகாசி, முகூர்த்தத்துக்கு முந்துன ராத்திரி, மண்டபத்து ரூம்ல ஃபிளாஷு மக்கர் பண்ணுதுன்னு செல்ல எல்லாம் எடுத்துட்டு அரை மணி நேரம் கழிச்சுதான் கூட்ட பிரிச்சேன், கண்டன்சர் காலு ரெண்டும் விரல்ல பட்டுச்சு. கை தன்னால வீசி சுவத்துல அடிச்சு முட்டி தோலு பேந்து போச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அடங்கல. ஒரே கைல பட்டதால பொழச்சேன், ஒரு காலு இந்த கைலயும் இன்னொண்ணு அந்த கைலயும் பட்டிருந்தா கரண்டு நெஞ்சு வழியா போயிருக்கும். உங்கம்மாகிட்ட கூட இத சொன்னதில்ல.

மொதல்ல பிரிக்கவே வேணாம், நீ சொல்றத பாத்தா அந்த சத்தமும் வரல போல, நான் பாத்த வரைக்கும் முக்காவாசி நேரம் இது பேட்டரி பெட்டில இருக்குற கோளாறுதான். மூடிய தொறந்து டார்ச் அடிச்சு ஸ்ப்ரிங்க பாரு, வெள்ளையாவோ பச்சையாவோ பொடி பூத்திருக்கும், பழைய செல் கசிஞ்சது. இயர்பட்ஸ்ல வினிகர் ஒரு சொட்டு தொட்டு தேய்ச்சின்னா நுரைச்சு வரும், கண்ணுல கைல படாம பாத்துக்க, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு துடைச்சு நல்லா காய விட்டு புது செல் போடு. வருஷக்கணக்கா சும்மா கெடந்த கண்டன்சர் மொத தடவ நிரம்ப ரொம்ப நேரம் எடுக்கும், பொறுமையா இரு, நாலஞ்சு தடவ நிரப்பி அடிச்சா பழையபடி வந்துரும். ஆனா செல் சூடானாலோ கருகுற வாசனை வந்தாலோ உடனே ஆஃப் பண்ணி செல்ல எடுத்துரு, அது உள்கோளாறு.

அப்படி பிரிச்சே ஆகணும்னா உன் ரூம்ல தனியா பிரிக்காத, உன் ஃபிரண்ட கூட வச்சுக்க. மோதிரம் வளையல் கழட்டிரு, கால்ல செருப்பு போட்டுக்க. ஃபிளாஷ் வேலை செய்யுதுன்னா முன்னாடி இருக்குற சென்சார் டயல M-ல, அதாவது முழு பவர்ல அடிக்கிற மேனுவல்ல வச்சு ரெடி லைட் எரியுறப்பவே ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு டெஸ்ட் பட்டன அமுக்கு, ஆட்டோல விட்டா பாதி சார்ஜ் உள்ளயே தங்கிரும். அடிச்சதுக்கு அப்புறமும் அம்பது வோல்ட் போல நிக்கும், அத மறக்காத. கூடு தொறந்ததும் எதையும் தொடாம பாரு, தடியா உருண்டையா 330 இல்ல 350 வோல்ட்டுன்னு எழுதியிருக்குறதுதான் அது. மல்டிமீட்டர டிசி ஆயிரம் வோல்ட்ல வச்சு ஒரு கையாலதான் அளக்கணும், இன்னொரு கை முதுகுக்கு பின்னாடி இருக்கட்டும்.

ஸ்க்ரூடிரைவர குறுக்க வச்சு சார்ஜ எடுக்குறத யூடியூப்ல பாத்திருப்ப, தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம். நானும் ஒரு தடவ பண்ணேன், பட்டாசு மாதிரி ஒரு வெடி, முனைல எலி கடிச்ச மாதிரி ஒரு துண்டு உருகி காணோம், ஃபிளாஷும் அதோட போச்சு, அந்த ஸ்க்ரூடிரைவர் இன்னும் என் டிராயர்லதான் கெடக்கு, அடுத்த தடவ வரப்ப காட்டுறேன்.

அதுக்கு பதிலா சார்ஜ மெதுவா வடிய விடுற 10 கிலோ ஓம் 10 வாட் ரெசிஸ்டர், வெள்ளை சிமெண்ட் மாதிரி இருக்குமே அது, ரெண்டு பக்கமும் வயர் பத்தவச்சு முதலை கிளிப் போட்டு டேப் சுத்தி உனக்கு கொரியர்ல அனுப்பிருக்கேன், வெள்ளிக்கிழமை வந்துரும். அந்த கிளிப்ப ஒவ்வொண்ணா, ஒரே கையால கண்டன்சர் காலுல மாட்டி ஒரு நிமிஷம் விட்டு மீட்டர் வச்சு பாரு, ரெண்டு வோல்ட்டுக்கு கீழ வந்துரும். கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி அளந்தின்னா கொஞ்சம் ஏறியிருக்கும், கண்டன்சரோட குணம் அது, அதனால வேலை முடியுற வரைக்கும் கிளிப் அங்கயே மாட்டி கெடக்கட்டும், செல் போடுறதுக்கு முன்னாடி மறக்காம எடுத்துரு.

இன்னொண்ணு, ரிப்பேர் ஆயிருச்சுன்னா உன் டிஜிட்டல் கேமரா மேல இத மாட்டிராத. பழைய 283-ல, கேமரா மேல சொருகுற ஷூ பக்கமே 200 வோல்ட்டுக்கு மேல வர்ற பீஸ் இருக்கு, கேமரா போயிரும். நான் குடுத்த பென்டாக்ஸ் கே1000-ல மாட்டு, அது வெறும் மெக்கானிக்கல் கேமரா, தாங்கும்.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வீடியோ கால் போடுறேன், மொத ஸ்க்ரூ கழட்டுறதுக்கு முன்னாடி எடு. மீட்டர்ல என்ன நம்பர் காட்டுதுன்னு எனக்கு வாய்விட்டு படிச்சு காட்டணும், அப்புறம்தான் உள்ள கை வைக்கணும்.

அப்பா