பாம்பன் கருவாட்டு அக்காவுக்கு

ராத்திரியில் காணாமல் போன எங்கள் தம்பி, ஆட்டிசம் உள்ள பிள்ளை, இப்போது வீட்டில் இருக்கிறான். சாப்பிட்டான், தூங்கினான். தேடிய எல்லாருக்கும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம்.

அன்று ராத்திரி நடந்தது ஊருக்கே தெரியும். குந்துகால் வரை கரையோரமாக நடந்த பையன்கள், இருட்டில் படகு இறக்கிய நாட்டுப்படகுக்காரர்கள், மைக்கில் அடையாளம் சொன்ன பள்ளிவாசல், கோயில், சர்ச் ஆட்கள், ஆட்டோ அண்ணன்மார், காவலர்கள் எல்லாருக்கும் கும்பிடு. யாரும் சொல்லாமலே தண்ணீர்ப் பக்கம் முதலில் போனீர்கள். அதுதான் சரி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு உண்டு. காணாமல் போகிறவர்களுக்குப் பெரிய ஆபத்தும் அதுதான். கடலையும் ஊருணியையும் பார்த்துவிட்டுத்தான் தெருவைப் பார்க்க வேண்டும்.

பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்துக் கடி வாங்கிய இளைஞருக்கும் நன்றி, மன்னிப்பும். டிடி ஊசி போட்டீர்களா? முகத்தில் டார்ச், நாலு பக்கமும் கூப்பாடு, அதற்கு நடுவில் எதிர்பாராத ஒரு கை. அவனுக்கு அது பிடித்து இழுத்த மாதிரியே இருந்திருக்கும். அடம் இல்லை, பயம்.

அக்கா, இனி உங்களுக்கு. பெயர் போடக் கூடாது என்றீர்கள், போடவில்லை.

விடிந்ததும் நெத்திலி பரப்பிக்கொண்டிருந்தீர்கள். பத்தடி தள்ளி அவன் நின்றான். "யாரு நீ, எந்த ஊரு, அப்பா பேரு என்ன" என்று நீங்கள் அடுக்கவில்லை. எதிரே போய் நிற்கவும் இல்லை. கூடையை அவன் பக்கம் கொஞ்சம் தள்ளி, "பரப்பு" என்று ஒரே சொல். அவனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்தான், தலையெல்லாம் ஒரே பக்கம் பார்க்க. உங்கள் வரிசை கோணல் என்று அதையும் திருத்தினானாம். விட்டுவிட்டீர்கள்.

இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்கிற நாங்கள் இதைத்தான் மாதக்கணக்கில் சொல்லித்தருகிறோம். நேருக்கு நேர் நின்றால் கண், முகம், குரல் மூன்றையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கைவேலை இருந்தால் காது மட்டும் போதும். கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். நம்மில் பலருக்கு மூன்றுக்கு மேல் தாங்காது, அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டுவிடுவோம். அவனுக்கு அது புதுக் கேள்வி, முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

"தூக்குப்பாலம் எத்தனை மீட்டர்?" என்று நாலு தடவை கேட்டானாம். "இப்பத்தானே கேட்டே" என்று அதட்டியிருந்தால் எழுந்து போயிருப்பான். "நீயே சொல்லு அப்பு" என்றீர்களே! அவனே சொன்னான்: பாம்பன் புது ரயில் பாலத்தில் தூக்கும் பகுதி 72.5 மீட்டர், 17 மீட்டர் மேலே போகும், 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள், பழைய பாலம் 1914. விடை தெரிந்த கேள்வியைக் கேட்பதுதான் அவன் வைக்கிற வணக்கம். அதை வாங்கிக்கொண்ட பிறகு, "அம்மா நம்பர் என்ன?" என்று கேட்டுச் சும்மா இருந்தீர்கள். பத்து இலக்கமும் வந்தது. "அம்மா எங்கே?" என்றிருந்தால் வந்திருக்காது, அது அவனுக்கு எப்படித் தெரியும்?

தானும் ஆட்டிசம் உள்ள டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், புரியாமை ஒரு பக்கத்துக் குறை இல்லை, இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-ல் எழுதினார். உங்கள் பக்கத்தை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். எங்கள் பக்கத்துக்கு, இனி அவன் சட்டைப் பையில் பெயரும் நம்பரும் எழுதிய அட்டை இருக்கும். "பின்னாலிருந்து தொடாதீர்கள், ஒரு கேள்வி கேட்டுக் காத்திருங்கள்" என்றும் அதில் எழுதுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வருவான். வணக்கம் சொல்ல மாட்டான், பாலம்தான் கேட்பான். கூடையைத் தள்ளுங்கள்.

ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோரும் பயிற்றுநர்களும்,
மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம்