ஸ்பேனரைத் தொடாதே மாப்ளே

மாப்ளே,

எட்டு மாதமாகக் கடிதம் போடவில்லை, தப்பு என்னுடையதுதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவள் பன்னிரண்டாம் வகுப்பு வந்துவிட்டாள். அங்கே தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே?

நீ உன் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு உயரமான ஹேண்டில்பார் வாங்கி வைத்திருப்பதாக நம்ம கூட்டாளி குண்டு போனில் சொன்னான். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை ஸ்பேனரைத் தொடாதே.

என் கழுத்து விஷயம் உனக்குத் தெரியும். காலேஜில் நாம் பிடிவாதமாக மாட்டிய அந்தத் தட்டை ஹேண்டில்பார்தான் இத்தனை வருடமும் என் ஆர்எக்ஸ் 100-இலும் இருந்தது. இருபது வயதில் டேங்க் மேல் படுத்துக்கொண்டு ஓட்டினோம். இப்போது கால் மணி நேரம் ஓட்டினாலே வலது கை மரத்துப்போகிறது. டாக்டர் வண்டியையே விடச் சொன்னார். 1996-இல் தயாரிப்பே நின்றுபோன வண்டி, அதை விற்க மனசு வருமா? சரி, ஹேண்டில்பாரை மாற்றிப் பார்ப்போம் என்று நாலு விரற்கடை உயரமான ஒன்றை வாங்கிவந்தேன்.

மாட்டுவதில் பெரிய வேலை இல்லை. இதுவும் 22 மில்லிமீட்டர் குழாய்தான், பழைய கிளாம்பிலேயே உட்கார்ந்தது. சுவிட்ச் பெட்டிக்கு உள்ளே சின்னக் குமிழ் இருந்தால் அதை ராவி எடுத்துவிடாதே, சுவிட்ச் கையோடு சுற்ற ஆரம்பித்துவிடும். உட்கார்ந்து பார்த்து, கை எங்கே விழுகிறதோ அங்கே குறித்து, பாரில் ஓட்டை போட்டுக்கொள்.

ஆக்சிலேட்டர், கிளட்ச், முன் பிரேக் மூன்றுக்கும் பழைய வயர்களே எட்டிவிட்டன. அங்கேதான் ஏமாந்தேன்.

பெரியவளை ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போகலாம் என்று வாசலில் வண்டியைத் திருப்பினேன். இடது பக்கம் முழுசாக ஒடித்ததும் எஞ்சின் தானாக உறுமியது. ஆக்சிலேட்டரை நான் முறுக்கவே இல்லை. கிளட்சைப் பிடித்துப் பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி எதிர்வீட்டுத் திண்ணைக்கு ஒரு முழம் பக்கத்தில் போய்விட்டது. செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததால் பெரியவள் இன்னும் ஏறவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை மாப்ளே. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது எட்டுகிற வயர், ஒடிக்கும்போது எட்டாது. வெளி உறை இழுபட்டால் உள்வயர் கார்புரேட்டரில் எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் வழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்கிவிடும். நீ கையால் முறுக்கினால் என்ன ஆகுமோ அதேதான் ஆகும்.

மறுநாள் நம்ம மெக்கானிக் மேஸ்திரி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, திட்டவில்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்பிக் காட்டினார். ஆக்சிலேட்டரை முறுக்காதபோது எஞ்சின் ஓடும் அந்த ஸ்லோ சத்தம் கொஞ்சம்கூட மாறக் கூடாது. மாறினால் வயர் போதவில்லை என்று அர்த்தம். ஆக்சிலேட்டர், கிளட்ச், முன் பிரேக் மூன்றுக்கும் நீளமான வயர் கட்டிப் போட்டோம். ஃபோர்க்குக்கும் டேங்குக்கும் நடுவில் நசுங்காமல், ஹெட்லைட்டுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்தார். அந்த ஒரு வேலைக்கே அவருக்கு அரை நாள் பிடித்தது.

கிளட்ச் வயரில் உன் ராசி எப்படி என்று வத்தலக்குண்டில் பார்த்தவன் நான். அதனால் உனக்கு இரண்டு செட் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியவளோடு அழகர்கோவில் போய்வந்தேன். கை மரக்கவில்லை. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து அந்த மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டியது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது! பழைய பாரைப் பரணில் போட்டு வைத்திருக்கிறேன். ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்டும்போது ஏதாவது கேட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். நீயும் உன்னுடையதை எடைக்குப் போட்டுவிடாதே.

உன் வண்டியில் இருக்கும் மூன்று வயரையும் கழற்றி, நீளத்தை அளந்து எழுது. புது ஹேண்டில்பார் எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்து எழுது. இங்கேயே கட்டி வாங்கிப் பார்சல் போடுகிறேன். அதுவரை வண்டி சும்மா நிற்கட்டும்.

உன்,
மாப்ளே