வீட்டில் பூனை இருக்க, குட்டி ஒன்று வந்து சேர்ந்தால்: தட்டும் டிரேயும் பற்றி ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் நம் செல்லப்பிராணிக் கடையில் ஒரே பேச்சுதான். கார் அடியில் கத்திக்கொண்டிருந்தது, மாடிப்படியில் நனைந்து கிடந்தது என்று யாராவது ஒரு குட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். மறுநாள் வந்து கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அதே தட்டு, அதே டிரே போதும்ல?"

சாப்பாட்டுத் தட்டும் போதாது, பூனை மலம், மூத்திரம் போகும் டிரேயும் போதாது. கடைக்காரன் அப்படித்தான் சொல்வான் என்று நினைப்பீர்கள். ஆனால் கீழே சொல்லப்போகும் பாதிப் பொருள்கள் உங்கள் வீட்டிலேயே கிடக்கும், மீதியைப் பாத்திரக்கடையில் மலிவாக வாங்கிவிடலாம்.

பூனை தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்னும் பிராணி. அது பிடிக்கும் எலியோ பல்லியோ ஒரு வாய்க்குத்தான் காணும், பங்கு போட ஒன்றும் மிஞ்சாது. அதனால் இரண்டும் ஒரே தட்டில் தலையை வைத்துத் தின்பது போட்டோவுக்கு அழகாக இருந்தாலும், பல வீடுகளில் ஒன்று அவசரமாக விழுங்கிவிட்டு வாந்தி எடுக்கும், இன்னொன்று அரை வயிற்றோடு நகர்ந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் குட்டிக்குத் தனி அறை கொடுங்கள். சண்டையை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. தெருக்குட்டி வயிற்றில் குடற்புழு இல்லாமல் இருப்பது அபூர்வம். அதைவிடப் பயப்பட வேண்டியது பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய். மலம், தட்டு, நம் கை, செருப்பு என்று எல்லா வழியிலும் பரவும், வீட்டுக்குள் ஒரு வருடம்வரைகூடத் தங்கும். தட்டும் டிரேயும் மலம் அள்ளும் கரண்டியும் அந்த அறைக்கென்று தனி. குட்டியை மருத்துவரிடம் காட்டிப் புழு மருந்து கொடுத்துவிடுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம். ஆறு முதல் எட்டு வார வயதில் தடுப்பூசி தொடங்கலாம். வீட்டுப் பூனையின் ஊசி தேதியையும் அப்படியே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரே கழுவப் பினாயில் வேண்டவே வேண்டாம். பீனால் வகைப் பொருளைப் பூனையின் ஈரல் சரியாக வெளியேற்றாது. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். டெட்டாலும் அந்த வகைதான். அன்றாடம் கழுவப் பாத்திரம் கழுவும் சோப்பும் சுடுதண்ணீரும் போதும். பிளீச் ஊற்றித்தான் ஆகவேண்டும் என்றால் மூத்திரத்தை நன்றாகக் கழுவிவிட்ட பிறகு ஊற்றுங்கள். இரண்டும் கலந்தால் நெஞ்சடைக்கும் வாயு கிளம்பும்.

இப்போது கதவு. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் குட்டியின் தட்டு, இந்தப் பக்கம் வீட்டுப் பூனையின் தட்டு. எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதைப் பெரிய பூனையிடமே விட்டுவிடுங்கள். தலை நிமிராமல் தின்கிறதா, அந்தத் தூரம் சரி. ஒரு வாய் எடுத்துவிட்டுக் கதவிடுக்கையே முறைக்கிறது, காது பக்கவாட்டில் மடிகிறது, பின்னங்கால் ஓடத் தயாராக இருக்கிறது என்றால் தட்டு கிட்டத்தில் இருக்கிறது. இரண்டடி பின்னே இழுங்கள். நிம்மதியாகத் தின்னும் நாளெல்லாம் ஒரு சாண் முன்னே. அந்த இரண்டு வாரமும் குட்டி நோயில்லாமல் கழித்த பிறகு, அது படுத்த துணியைப் பெரியதன் தட்டுக்கு அருகில் போட்டு, பெரியதன் துணியைக் குட்டிக்குக் கொடுங்கள். முகம் பார்ப்பதற்கு முன் வாசனை பழகட்டும். அப்புறம் கொசுவலைக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். இதற்குச் சில வீடுகளில் ஒரு வாரம், சில வீடுகளில் இரண்டு மாதம். "போகப்போகப் பழகிடும்" என்று முதல் நாளே இரண்டையும் ஹாலில் இறக்கிவிடுபவர்களுக்குத்தான் நீண்ட காலம் பிடிக்கிறது.

என்ன போடுவது? குட்டிக்குக் குட்டி உணவு, ஒரு வயதுவரை. அதில் புரதமும் கொழுப்பும் கூடுதல். இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு மூன்று வேளை. சிக்கல் என்னவென்றால் பெரியதற்கும் குட்டி உணவுதான் ருசி, தின்றால் பெருத்துவிடும். அட்டைப்பெட்டியில் குட்டி மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே தட்டை வையுங்கள். பெரியதன் தட்டு ஷெல்ஃப் மேலே போகட்டும். குட்டி அங்கே தாவக் கற்றுக்கொள்வதற்குள் சில மாதம் கிடைக்கும். நாள் முழுக்கத் தட்டை நிரப்பி வைப்பதையும் நிறுத்துங்கள். இருபது நிமிடம் வைத்துவிட்டு எடுத்தால் யார் எவ்வளவு தின்றது என்று தெரியும், எறும்பும் மொய்க்காது.

தயிர்சாதம் போட்டே வளர்த்தோம் என்பவர்களோடு நாங்கள் சண்டைக்கு வருவதில்லை. ஆனால் டாரின் என்ற சத்து இல்லாமல் பூனைக்கு இதயமும் கண்ணும் கெடும். அது இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கும், சோற்றில் இல்லை. மீன் கொடுங்கள், குழம்பு மீன் கூடாது: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்துக்கு விஷம்.

டிரே கணக்கு: இரண்டு பூனைக்கு மூன்று. ஃபிளாட்டில் இடமில்லை என்றால் குறைந்தது இரண்டு இருக்கட்டும், ஆனால் வேறு வேறு மூலையில். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டைப் பூனை ஒன்றாகத்தான் எண்ணும். பெரிய பூனை நடைவழியில் சும்மா படுத்திருப்பதுபோல் தெரியும், உண்மையில் குட்டி டிரேக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். உறுமலும் இல்லை, அடியும் இல்லை. அதனால் நம் கண்ணில் படாது. குட்டி சோஃபாவுக்குப் பின்னால் போய்விட்டு வரும், பழி குட்டி மேல் விழும். மூடி வைத்த டிரேயும் இதே காரணத்துக்காக வேண்டாம், ஒற்றை வாசலில் மாட்டிக்கொள்ளும். அதை நாங்கள் விற்கிறோம், ஆனாலும் இரண்டு பூனை வீட்டுக்குத் தருவதில்லை.

குட்டியின் டிரேக்கு விளிம்பு இரண்டு அங்குலம் போதும். பழைய பிளாஸ்டிக் பேசினை ஒரு பக்கம் வெட்டிவிட்டாலே ஆயிற்று. டிரேயில் நிரப்பும் மண் போன்ற பொருளைத்தான் லிட்டர் என்கிறோம். குட்டிக்கு நாலு மாத வயதாகும்வரை, ஈரம் பட்டால் கட்டி பிடிக்கும் பென்டோனைட் என்ற களிமண் லிட்டர் வேண்டாம், குட்டிகள் வாயில் போடும். மரத்தூள் உருண்டையோ காகித லிட்டரோ போடுங்கள். வீட்டுப் பூனைக்கு எது பழக்கமோ அதை மாற்றாதீர்கள், அதற்கு ஏற்கெனவே நிறைய மாறிவிட்டது. லாவண்டர் வாசனை லிட்டர் நம் மூக்குக்காகச் செய்தது.

பெரிய பூனை ஒரு முழு நாள் தட்டைத் தொடவில்லை என்றால் வேறு பாக்கெட் மாற்றிப் பார்க்கக் கடைக்கு வராதீர்கள், மருத்துவரிடம் போங்கள். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு அடைத்துவிடும். ஆண் பூனை டிரேயில் மறுபடி மறுபடி உட்கார்ந்து முக்கியும் சொட்டு மூத்திரம் வரவில்லை என்றால் அடைப்பு. அன்று இரவே ஓட வேண்டியது, காலைவரை காத்திருக்கக் கூடாது.

லிட்டரைப் பெரிய மூட்டையாக வாங்குவதற்கு முன் ஒரு கிலோ மட்டும் கேட்டு வாங்கிப் போங்கள், பிரித்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து