பெரிய வாரம்வரை தள்ள வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தவக்காலத்தில் கத்தோலிக்க ஆலயங்களில் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) நீண்ட வரிசை நிற்பது ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில்தான். அந்த அவசரத்தில், செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆத்தும சோதனை விட்டுப்போகிறது. "பொய் சொன்னேன், கோபப்பட்டேன், அவ்வளவுதான் சாமி" என்று முடித்துவிடுகிறார்கள்; இல்லாவிட்டால் மருமகளின் குற்றங்களை அடுக்குகிறார்கள்! முந்தின இரவே பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து யோசித்தால், சாவான (கனமான) பாவம் எது, எத்தனை முறை என்று தெளிவாகச் சொல்லலாம்.

பலர் சறுக்குவது 'களவு செய்யாதே' என்ற ஏழாம் கட்டளையில். தம்பியின் பங்கு நிலத்தை அமுக்கிக்கொண்டு, பாவப் பரிகாரத்துக்கான அபராதமாகக் கிடைத்த மூன்று 'அருள்நிறை மரியே' செபத்தைச் சொன்னால் கணக்குத் தீராது. அபகரித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே திருச்சபையின் போதனை.

ஒருசந்தி என்னும் உண்ணா நோன்பு, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே கட்டாயம். 18 முதல் 59 வயதுவரை. ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை சிறிதளவு. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. சர்க்கரை நோயாளிகள் பட்டினி கிடப்பது வீண் வீம்பு. இறைச்சியைத் தவிர்க்கும் வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. கறிக்குப் பதில் வஞ்சிரம் வறுவல் என்றால் சட்டப்படி சரி; தவம் எங்கே?

தவக்காலத்தின் நான்காம் வாரத்திலிருந்தே மாலை வேளைகளில் பங்கு ஆலயங்கள் கூடுதல் குருக்களை வரவழைத்தால், ஒவ்வொருவருக்கும் நிதானமாக நேரம் கிடைக்கும்.

மறைக்கல்வி ஆசிரியர்கள்,
தூத்துக்குடி