எம்.பி. சீனிவாசனின் சேர்ந்திசைப் பாடல்களைத் தொகுக்க உதவுங்கள்

அன்புடையீர்,

வணக்கம்.

இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் என்றதும் பழைய பாட்டு கேட்பவர்களுக்குத் 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' நினைவுக்கு வரும். 'அக்ரஹாரத்தில் கழுதை' பார்த்தவர்களுக்குக் கழுதைக்குட்டியை வீட்டில் வைத்து வளர்க்கிற பேராசிரியரின் முகம் வரும். அந்த வேடத்தில் நடித்தவரும் அவர்தான். மலையாளிகளைக் கேட்டால், யேசுதாசை முதன்முதலில் சினிமாவுக்குப் பாடவைத்தவர் என்பார்கள். 1961 நவம்பர் 14 அன்று 'கால்பாடுகள்' படத்துக்காக நாராயண குருவின் வரிகளை அவரைப் பாடவைத்துப் பதிவு செய்தார். இவற்றுக்கெல்லாம் இசைத்தட்டு இருக்கிறது, படம் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. நாங்கள் உங்களிடம் பணம் கேட்டு வருவது, இப்படி எதிலும் ஒழுங்காகப் பதிவாகாமல் சிதறிக் கிடக்கிற ஒன்றுக்காக. சேர்ந்திசைக்கென, அதாவது பலர் வெவ்வேறு குரல்களில் சேர்ந்து பாடுவதற்கென, அவர் அமைத்த பாடல்கள்தான் அவை.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925 செப்டம்பர் 19 அன்று பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்துக்குள் வந்துவிட்டார். மனைவி சாகிதா, ஜாலியன்வாலாபாக் காலத்துப் பஞ்சாப் தலைவர் சைஃபுதீன் கிச்லுவின் மகள். 1960இல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தார். பட்டுக்கோட்டையார், ஜெயகாந்தன், கே.சி.எஸ். அருணாசலம் என்று அந்த ஒரே படத்துக்குப் பாட்டெழுதியவர்களின் பட்டியலைப் பார்த்தாலே அவர் யாரோடு நின்றார் என்பது தெரியும். அப்புறம், திரைப்பட இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டுவதில் முன்னால் நின்றார். பின்வரிசையில் உட்கார்ந்து வயலின் வாசிப்பவருக்கும் உரிய கூலி வேண்டும் என்று பேசுகிற இசையமைப்பாளரை எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பிடித்துவிடாது. தமிழில் அவருக்குப் படங்கள் குறைந்ததற்கு அதுவும் காரணம் என்பது எங்கள் எண்ணம். மலையாளம் அவரை வைத்துக் கொண்டாடியது. கவிஞர் ஓ.என்.வி. குறுப்பின் வரிகளும் இவருடைய மெட்டும் சேர்ந்த பாட்டுகளைக் கேரளத்தில் இன்றும் பாடுகிறார்கள்.

1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். எங்களைக் கேட்டால், அவர் செய்ததில் பெரிய காரியம் அதுதான். நம் இசையில் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் மெட்டு ஒன்றுதான். பஜனையிலும் அப்படித்தான், பள்ளிப் பிரார்த்தனையிலும் அப்படித்தான். அவர் பாரதி பாடல்களை எடுத்து சோப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) எனப் பிரித்து, ஒவ்வொரு குரலுக்கும் தனி வழி போட்டுக் கொடுத்தார். இது சும்மா நடக்கிற வேலையில்லை. ராகம் சங்கராபரணமோ மோகனமோ என்றால் இரண்டாவது குரலை மேலேயோ கீழேயோ வைக்க இடம் கிடைக்கும். தோடியில் காந்தார ஸ்வரமே ஆடிக்கொண்டிருக்கும்போது அதற்கு மேல் இன்னொரு ஸ்வரத்தை எங்கே நிறுத்துவது? கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அந்த அசைவை, அடியோடு வழித்து எடுத்தால் பாட்டு தேவாலயப் பாட்டாகிவிடும், அப்படியே விட்டால் முப்பது பேரும் முப்பது விதமாக அசைப்பார்கள். எந்த இடத்தில் அசைவு, எந்த இடத்தில் நேர் நோட்டு என்று நடத்துபவரின் கைதான் சொல்ல வேண்டும். கர்நாடக சங்கீதமும் மேற்கத்திய இசையும் இரண்டுமே உள்ளே இறங்கியவருக்குத்தான் அந்தக் கை வரும்.

1988 மார்ச் 9 அன்று அவர் இறந்தது லட்சத்தீவில். அங்கே போயிருந்ததும் சேர்ந்திசைக்காகத்தான்.

சினிமாப் பாட்டு மறையாது. மெட்டு ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய்விடும். சேர்ந்திசையில் மேல்குரலுக்கும் அந்த அதிர்ஷ்டம் உண்டு. ஆல்டோவையும் பேஸையும் யாரும் குளியலறையில் முணுமுணுப்பதில்லை. அந்த வழியைப் பாடியவர் போனால் அதுவும் அவரோடு போய்விடும். சென்ற ஆண்டு எங்கள் குழுவுக்காகப் பாடிக் காட்ட வந்த ஓர் அம்மா, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இளம் வயதில் கற்ற ஆல்டோ வழியைத் தனியாகப் பாடினார். ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் நின்று, நடுவில் ஓரிடத்தில் மட்டும் இறங்கி ஏறுகிற வரி. எங்களில் யாருக்கும் அது எந்தப் பாட்டு என்றே பிடிபடவில்லை. “மேல்குரலை நீங்க பாடுங்க தம்பி” என்றார். பாடினோம். அவர் இறங்கிய அதே இடத்தில்தான் பாட்டின் பாரமெல்லாம் இருந்தது. அவரிடம் இருந்த நோட்டில் ஸ்வர எழுத்துகள் பென்சிலில், பாதி அழிந்து, மூச்சு எடுக்க வேண்டிய இடங்களுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு. நகலின் நகல் அது.

நாங்கள் அரசுப் பள்ளி இசை ஆசிரியர்களும் சேர்ந்திசையில் பாடிய சிலருமாகச் சேர்ந்த குழு. இருபது பாடல்களையாவது எல்லாக் குரல்களோடும் எழுதி, ஒவ்வொரு குரலையும் தனியாகவும் சேர்த்தும் ஒலிப்பதிவு செய்து, பத்துப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது திட்டம். மொத்தச் செலவு ரூ. 6,40,000. பெரிய பங்கு ஒலிப்பதிவுக்கு, ரூ. 1,80,000, ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பிடிக்க வேண்டியிருப்பதால் ஸ்டூடியோ நேரம் இழுக்கும். 600 பிரதி அச்சிட ரூ. 1,50,000. ஸ்வரக்குறிப்பிலும் மேற்கத்திய முறையான ஸ்டாஃப் நொட்டேஷனிலும் எழுதிச் சரிபார்க்க ரூ. 1,20,000. பள்ளிகளுக்குச் சிறிய கீபோர்டு வாங்க ரூ. 80,000. வயதானவர்களை அழைத்து வந்து தங்கவைக்க ரூ. 60,000. உரிமை தொடர்பான செலவுக்கு ரூ. 50,000. பாரதியின் வரிகள் நாட்டுடைமை. ஆனால் இசையமைப்பு அப்படியில்லை, 2048 முடியும் வரை அதன் உரிமை வாரிசுகளுடையது. அவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வராமல் ஒரு பக்கம்கூட அச்சுக்குப் போகாது. குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது.

இதுவரை ரூ. 1,85,000 சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் எங்கள் கைப்பணம். இன்னும் ரூ. 4,55,000 வேண்டும். நூறு ரூபாயும் எங்களுக்குப் பணம்தான், தயங்காமல் கொடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணும் கியூஆர் குறியீடும் இந்த மடலின் பின்பக்கத்தில் உள்ளன. இருவர் கையெழுத்திட்டால்தான் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியும். ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை நன்கொடையாளர் எல்லோருக்கும் அனுப்புவோம். 80ஜி வரிவிலக்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம், இன்னும் வரவில்லை. அதை எதிர்பார்த்துக் கொடுப்பவர்கள் சற்றுப் பொறுக்கலாம். வாரிசுகளின் அனுமதி கிடைக்காமல் போனால், செலவாகாத பணத்தை ரசீது எண்படி திருப்பித் தருவோம்.

பணம் இல்லாவிட்டாலும், அவரிடமோ அவர் வழிவந்த குழுக்களிலோ நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ பாடியிருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். பழைய நோட்டு, கேசட், ஒத்திகைப் படம் எதுவானாலும் வேண்டும். பேஸ் குரல்காரர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது, எட்டுப் பாடல்களுக்கு அந்த வழியே எங்களிடம் இல்லை. கேசட்டைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள். தகவல் சொன்னால் நாங்களே வந்து, உங்கள் வீட்டிலேயே பிரதி எடுத்துக்கொண்டு, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்