இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று: நகரத்துக்கு வரைபடம் போடுவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னை முதலான தமிழ்நாட்டு நகரங்களில் நடைபாதை, பேருந்து நிறுத்தம், பூங்கா, பொதுக் கழிப்பறை ஆகியவற்றுக்கு வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஐந்து வயதைத் தாண்டிய மகளுக்கும் இரண்டு வயது மகனுக்கும் தகப்பன் நான். என் மனைவி செவிலியராகப் பணிபுரிகிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோருக்கும் விடுப்பு என்ற கணக்கு மருத்துவமனைகளுக்குப் பொருந்தாது என்பதால், பிள்ளைகள் இருவரையும் பெரும்பாலும் நான் ஒருவனாகவே வெளியே அழைத்துச் செல்கிறேன். கடற்கரை, பூங்கா, நூலகம், அத்தை வீடு, கல்யாண மண்டபம், தடுப்பூசி போடும் இடம் என்று எல்லாக் குடும்பங்களும் போகிற இடங்களுக்குத்தான் நாங்களும் போகிறோம். நீங்கள் ஒரு வரைபடத்தில் கையெழுத்திடும் வேளையில், அந்த இடத்தைப் பயன்படுத்தப் போகிறவர் என்று யாரை மனத்தில் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். கை வீசி நடக்கக்கூடிய, மளமளவென்று படியேறக்கூடிய, சிறுநீரை ஒரு மணி நேரம் அடக்கிவைக்கத் தெரிந்த, தனியாக வரும் ஓர் ஆண்தான் உங்கள் மனத்தில் இருக்கிறார் என்பது இந்நகரத்தில் நடந்து பார்க்கிற எவருக்கும் விளங்கிவிடும். அவரை ஓரமாக அமரச் சொல்லிவிட்டு, இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையும் தோளில் ஒரு பையுமாக வருகிறவரை வைத்து உங்கள் அளவுகளைக் குறியுங்கள் என்பதே என் கோரிக்கை.

அரசு குழந்தைகளை மறந்துவிட்டது என்று சொன்னால் அது நியாயமாகாது. அரசுப் பேருந்துகளில் மூன்று வயது வரை என்றிருந்த கட்டணமில்லாப் பயணம் 2022-இல் ஐந்து வயது வரை நீட்டிக்கப்பட்டது. ரயிலிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காதவரை கட்டணம் கிடையாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை என்பதால், பிள்ளைகளோடு புறப்படும் தாய்மார்களுக்குப் பயணச்செலவு பெரிய கவலையாக இல்லை. (என் மகளுக்கு ஐந்து முடிந்துவிட்டது என்பதை நடத்துநர் கேட்பதற்கு முன்பே அவளே பெருமையோடு அறிவித்துவிடுவாள், அரை டிக்கெட் எங்கள் வீட்டில் ஒரு பதவி உயர்வாகக் கருதப்படுகிறது.) ஆகவே, கட்டண அட்டவணை எழுதியவர்களுக்குக் குழந்தைகள் நினைவில் இருந்திருக்கிறார்கள். படிக்கட்டு கட்டியவர்களுக்கு இல்லை.

உயரமான தளம் கொண்ட பேருந்தில் ஒற்றை ஆளாக இரு குழந்தைகளோடு ஏறுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதற்படி என் மகளின் தொடைக்கு மேலே இருப்பதால் அவளாக ஏற முடியாது. அவளை முதலில் தூக்கி ஏற்றினால், நெரிசலுக்குள் அவள் தனியாகவும் நான் சின்னவனோடு சாலையிலும் நிற்கும் சில நொடிகள் வருகின்றன. நான் முதலில் ஏறினால் அவள் சாலையில் நிற்கிறாள். நிறுத்தத்தில் ஆட்டோக்களும் கார்களும் நிற்பதால் வண்டி நடைபாதையை ஒட்டி வராமல் சாலையின் நடுவிலேயே நின்றுவிடும் நாட்களில், பின்னால் இருசக்கர வாகனங்கள் இடப்புறமாகப் புகுந்து வரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் நாங்கள் பத்திரமாக ஏறிவிடுகிறோம் என்றால் அதற்குக் காரணம் சக பயணிகள்தாம். ‘குழந்தையை இப்படிக் குடுங்க’ என்று உள்ளேயிருந்து இரண்டு கைகள் நீளாத பேருந்தை நான் இதுவரை பார்த்ததில்லை. முன்பின் தெரியாத அம்மாள் ஒருவர் மடியில் என் மகன் அமர்ந்து, இறங்கும்வரை அவருடைய வளையல்களை எண்ணிக்கொண்டு வருவான். அந்த மக்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அவர்களுடைய நல்ல குணத்தைப் போக்குவரத்துத் திட்டத்தின் ஓர் உறுப்பாக நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாகாது.

2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது இந்தச் சிக்கலின் பாதி தீர்ந்தது. மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை சென்று பல ஆண்டுகள் வாதாடியதன் பயன் அது. மெரினாவில் மணலைத் தாண்டி அலையருகே செல்வதற்காக 2022 நவம்பரில் திறக்கப்பட்ட மரப்பாதையும் அவர்கள் கேட்டுப் பெற்றதே. சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும் இடத்தில் குழந்தையை வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலரும் செல்லும், கோலூன்றி நடக்கும் தாத்தாவும் செல்வார், முழங்கால் வலிக்காரரும் செல்வார் என்பதை இவ்விரண்டும் மெய்ப்பித்திருக்கின்றன. மீதிப் பாதிச் சிக்கல் நிறுத்தத்தில் இருக்கிறது. பேருந்தின் தளத்தை எவ்வளவு தாழ்த்தினாலும், வண்டி நடைபாதையை ஒட்டி நிற்க முடியாவிட்டால் அந்தத் தாழ்தளம் வீண். நிறுத்தத்தின் முன்னும் பின்னும் வண்டிகள் நிற்க முடியாதபடி நடைபாதையையே சற்று முன்னே நீட்டிக் கட்டுவது வரைபடம் போடுகிறவரின் கையில் இருக்கிற வேலை. போக்குவரத்துக் காவலரை நாள் முழுவதும் அங்கே நிறுத்திவைப்பதைவிட மலிவானதும்கூட.

பேருந்து இப்படி இருப்பதால் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும். முன்னால் பெரிய பிள்ளை நிற்க, நடுவில் அப்பா ஓட்ட, பின்னால் அம்மா கைக்குழந்தையோடு ஒரு பக்கமாக அமர்ந்திருக்க, நான்கு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநரைத் தவிர ஒருவருக்கு மட்டுமே இருசக்கர வாகனத்தில் இடமளிக்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுநரோடு இணைத்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதிகள் 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தன. இந்த விதிகளில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பிள்ளையின் மண்டை ஓடு நம் வசதிக்காக வளைந்துகொடுக்காது. எனினும், 2023-இல் கேரளத்தில் கேமராக்களைக் கொண்டு அபராதம் விதிக்கத் தொடங்கியபோது என்ன நடந்தது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். பெற்றோருடன் மூன்றாவது ஆளாகச் செல்லும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்போதைக்கு அபராதம் இல்லை என்று அம்மாநில அரசே அறிவிக்க நேர்ந்தது. கார் வாங்க இயலாத, ஆட்டோவுக்கு ஒவ்வொரு முறையும் கொடுத்துக் கட்டுப்படியாகாத குடும்பத்துக்கு வேறு வழி காட்டாதவரை, விதி புத்தகத்திலும் நான்கு பேர் வண்டியிலும் இருப்பார்கள்.

நடைபாதைகளைப் பற்றி நீங்கள் நிறையவே கேட்டிருப்பீர்கள். ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (Indian Roads Congress) நெறிமுறைப்படி நடப்பதற்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், விளிம்பின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-இல் அகன்ற நடைபாதை அமைத்தபோது இது நம்மால் முடியும் என்று தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் நடைபாதை இருக்கிறது. அதன் மேல் ஒரு மின்பெட்டியும், இரண்டு கடைகளின் படிகளும், ஒரு நிரந்தரமான பைக்கும் இருக்கின்றன. பிள்ளையின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தார்ச்சாலையில் இறங்கி ஏறுவதே எங்கள் வழக்கம்.

கழிப்பறையைப் பற்றி நான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில், எங்கள் வெளிப்பயணங்களின் நீளத்தையும் திசையையும் முடிவு செய்வது அதுவே. சிறு குழந்தைக்கு ‘வருகிறது’ என்றால் ‘வந்துவிட்டது’ என்று பொருள். ஐந்து வயது மகளோடு வரும் தகப்பன் எந்தக் கழிப்பறைக்குள் போக வேண்டும்? ஆண்கள் பகுதியில் சுவரை ஒட்டி வரிசையாக ஆண்கள் நிற்கிறார்கள். அவர்களைக் கடந்து அவளை உள்ளே அழைத்துச் செல்வது அவளுக்கும் நல்லதன்று, அவர்களுக்கும் சங்கடம். பெண்கள் பகுதிக்குள் நான் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. அவளை மட்டும் அனுப்பலாம் என்றால், கனமான கதவின் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது, ஈரத்தரையில் வழுக்கும், குழாயை மூடத் தெரியாது. வெளியே பணம் வாங்கும் அம்மாவிடம் ஒப்படைத்து, ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க அக்கா’ என்று கெஞ்சுவதுதான் கடைசியில் நான் கண்டுகொண்ட வழி. பாட்டியோடு வரும் பத்து வயதுப் பையனுக்கும், மகனோடு வரும் வயது முதிர்ந்த தாய்க்கும் இதே இடர்ப்பாடு திசை மாறி நேர்கிறது.

இதற்குத் தேவைப்படுவது பெரிய கட்டுமானம் அல்ல. ஆண், பெண் என்று எழுதாமல் குடும்பத்தினருக்கு என்று எழுதிய, நேரே வெளிவாசலுள்ள ஓர் அறை போதும். அதில் ஒரு சிறிய கழிப்பறைப் பீங்கான், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கை கழுவும் தொட்டி, டயப்பர் மாற்றக் குழந்தையைப் படுக்கவைக்க விளிம்பு உயர்ந்த ஒரு பலகை, பையை மாட்ட ஓர் ஆணி. அந்த ஆணியை யாரும் அற்பமாக எண்ண வேண்டாம்; இரு கைகளிலும் குழந்தைகள் இருக்க, பையை ஈரத்தரையில் வைப்பதா, வாயில் கவ்விக்கொள்வதா என்று யோசித்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். டயப்பர் மாற்றும் பலகை எங்கேனும் இருந்தாலும் பெண்கள் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. தகப்பன்மார் அந்த வேலையைச் செய்வதில்லை என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள்.

பாலூட்டும் அறைகளை இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். பேருந்து நிலையங்களில் அவற்றை 2015-இலேயே திறந்த மாநிலம் தமிழ்நாடு. அந்தப் பெருமை நமக்கு உண்டு. பொது இடங்களில் பாலூட்டும் அறைகளும் குழந்தைப் பராமரிப்பு அறைகளும் கோரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது, இது குறித்த அறிவுரையை மாநிலங்களுக்கு மீண்டும் நினைவூட்டுமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. திட்டமிடும் நிலையிலுள்ள பொதுக் கட்டடங்களில் போதிய இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. அறை இருக்கிறதா என்ற கேள்விக்கு நம் ஊரில் பல இடங்களில் விடை ‘ஆம்’ என்றே வரும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் ஆய்வுப் படிவத்தில் ஒரு கேள்வியாகச் சேருங்கள். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, பூட்டிய கதவுக்கு வெளியே என் மனைவி துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்ததும், உள்ளே துடைப்பங்களும் பழைய நாற்காலிகளும் அடுக்கப்பட்டிருந்ததைச் சன்னல் வழியே நான் பார்த்ததும் ஒரே இடத்தில்தான்.

கடைசியாகப் பூங்கா. சிறு பிள்ளைகளுக்கு நகரத்தில் கிடைக்கும் மிகச் சிறந்த இடம் அது என்பதாலேயே அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஒரு பிள்ளையோடு வருபவருக்குத் தெரியாத ஒரு குறை, இரு பிள்ளைகளோடு வரும்போது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பெரிய பிள்ளைகளின் ஏணியும் சறுக்குமரமும் ஒரு கோடியில் இருக்கும், குட்டிப் பிள்ளைகளின் ஊஞ்சல் மறு கோடியில் இருக்கும். நடுவில் புதர்வேலியோ நீரூற்றோ இருக்கும். இரண்டையும் ஒரே பார்வையில் காண முடியாது. பூங்காவுக்கு இரண்டு வாசல்கள் இருந்து இரண்டுமே போக்குவரத்து மிகுந்த சாலையில் திறந்தால், தகப்பனுக்கு உட்கார இருக்கை எதற்கு? அவர் உட்காரவே போவதில்லை. இருக்கைகளோ பெரும்பாலும் நடைப்பயிற்சிப் பாதையை நோக்கியபடி, விளையாடும் இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன. இரு வயதினரின் விளையாட்டுகளையும் அடுத்தடுத்து வைத்து, சுற்றி இடுப்புயர வேலி போட்டு, ஒரே ஒரு சிறு வாசல் விட்டு, நடுவே வேப்பமரத்தடியில் இருக்கை போட்டால் ஒருவர் இருவரையும் பார்த்துக்கொள்ளலாம். செலவு ஒன்றும் அதிகமாகாது. வரைபடத்தில் பொருள்களின் இடம் மாறும், அவ்வளவே.

நிழலையும் நேரத்தையும் பற்றி ஒரு சொல். இரும்புச் சறுக்குமரம் நம் வெயிலில் ஒன்பது மணிக்கே தொடையைச் சுடும். மரநிழல் இல்லாத இடத்தில் அதை நிறுத்துவது, ஆண்டில் பாதி நாள் அதைப் பூட்டிவைப்பதற்குச் சமம். பல பூங்காக்கள் காலையில் நடைப்பயிற்சி செய்வோர் கிளம்பியதும் மூடப்பட்டு மாலையில் திறக்கின்றன. அந்த நேரக்கணக்கு பெரியவர்களுக்குப் பொருந்தும். மழை பெய்து ஓய்ந்த ஐப்பசி மாதத்து முற்பகலில், வெயிலே இல்லாத அந்த அருமையான பொழுதில், பூட்டிய கதவின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலைப் பார்க்கும் இரண்டு வயதுக்காரனுக்கு நேரப்பலகையைப் படித்துக்காட்டி என்ன பயன்? அத்தகைய நேரங்களில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக் குழந்தைகள் பிரிவு எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. செயற்கை மரத்தடியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் பார்க்கலாம். யாரும் ‘உஸ்’ என்று அதட்டுவதில்லை. குழந்தைகளை மனத்தில் வைத்து ஓர் இடத்தை நம்மவர்கள் திட்டமிட முடியும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

‘சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதானே?’ என்று கேட்பவர்களை ரயிலிலும் வரிசையிலும் சந்தித்திருக்கிறேன். உங்கள் அலுவலகங்களிலும் அப்படி நினைப்பவர்கள் இருக்கக்கூடும். திண்ணையும் முற்றமும் இருந்த வீடுகளில், பார்த்துக்கொள்ளப் பாட்டியும் அத்தையும் இருந்த காலத்தில் அந்தக் கேள்விக்குப் பொருள் இருந்தது. இரண்டு படுக்கையறை அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் வளரும் பிள்ளைக்கு ஓடுவதற்கு இருக்கும் தரை, நீங்கள் வரைபடம் போடும் தரை மட்டுமே.

ஆகவே, நடைமுறையில் நான் கேட்பது இதுதான். பூங்காவுக்கோ கழிப்பறைக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ ஒப்பந்தப்புள்ளி கோரும் ஒவ்வோர் ஆவணத்திலும், ‘இரு சிறு குழந்தைகளோடு தனியாக வரும் ஒருவர் பிறர் உதவியின்றிப் பயன்படுத்த இயல வேண்டும்’ என்ற ஒரு நிபந்தனையைச் சேருங்கள். பணி முடிந்ததாகச் சான்றளித்து நிலுவைத் தொகையை விடுவிக்கும் முன், அந்தப் பகுதியில் சிறு பிள்ளைகளை வளர்க்கும் தாயையோ தகப்பனையோ அழைத்து, பிள்ளைகளோடு அங்கே ஒரு முறை நடக்கச் சொல்லி, அவர் சொல்வதைக் கோப்பில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பகுதியில் அழைப்பதானால் நாங்கள் மூவரும் வருகிறோம். காலை பதினொரு மணிக்குள் என்றால் நல்லது. அதற்குப் பிறகு சின்னவன் தூங்கிவிடுவான்.

இங்ஙனம்,
இரு பிள்ளைகளின் தகப்பன்,
சென்னை.