பில்லில் அந்த ஒரு வரிக்கு இனிமேல் நான் பெயர் வைக்க மாட்டேன்

பெங்களூரில் ஓட்டல் நடத்தும் நம்ம ஊர் முதலாளிகளுக்கு,

வணக்கம். உங்களில் முப்பது நாற்பது பேருக்காவது என்னைத் தெரியும். கல்லாவில் இருக்கும் பில் மெஷின் மக்கர் பண்ணினால் போன் போடுவீர்களே, அந்த ஆள்தான். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் என்று உங்கள் கடைகளின் மெனு, விலை, டாக்ஸ் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தவன். பில்லில் விழுகிற ஒவ்வொரு வரியையும் தட்டியது என் விரல்தான் என்பதால், இதை நானே எழுதுவதுதான் முறை.

பில்லில் சாப்பாட்டுத் தொகைக்குக் கீழே நீங்கள் கூடுதலாகச் சேர்க்கும் அந்த வரிக்கு முதலில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று பெயர். அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று 2022 ஜூலை 4-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை கொடுத்ததும் “பழையபடி போடுப்பா” என்றீர்கள். போட்டேன். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2023 செப்டம்பரில், ஓட்டல்காரர்களின் கூட்டமைப்பு ஒன்று ‘ஸ்டாஃப் கான்ட்ரிபியூஷன்’ என்ற பெயரில் வாங்கிக்கொள்ளலாம், 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. அந்தக் கூட்டமைப்பில் நீங்கள் இருக்கிறீர்களா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை, பெயர் மட்டும் வேண்டும் என்றீர்கள். அதையும் மாற்றினேன். 2025 மார்ச் 28-ல் தீர்ப்பே வந்துவிட்டது. ஆணையம் சொன்னது சரி, கட்டாயமாக வாங்குவது செல்லாது, வழக்குப் போட்ட இரண்டு கூட்டமைப்புகளும் தலா ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும்.

சரி, இத்தோடு அந்த வரி ஒழிந்தது என்று நினைத்தேன். அன்றைக்குப் பிறகு எனக்கு வந்த போன்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒருவருக்கு ‘ஆம்பியன்ஸ் சார்ஜ்’ வேண்டும். இத்தனைக்கும் அவர் கடையில் இருப்பது நாலு மின்விசிறியும் ஒரு வாழைமரப் படமும். இன்னொருவர் ‘ஸ்டாஃப் வெல்ஃபேர் கான்ட்ரிபியூஷன்’ கேட்டார். அவருடையது இரண்டு அங்குல பேப்பர், வரிக்கு 32 எழுத்துதான் பிடிக்கும். தொகைக்கு இடம் விட்டதும் ‘ஸ்டாஃப் வெல்ஃபேர் கான்ட்ரி’ என்று பாதியில் நின்றுவிட்டது. சுருக்கி வைக்கட்டுமா என்றேன். “இருக்கட்டும்பா, புரியாம இருந்தா நல்லதுதான்” என்றார்.

அதையும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். போன மாதம் அப்பாவைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனதுதான் தப்பாகப் போயிற்று. கடையின் பெயர் வேண்டாம். அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர், பில் வந்தால் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பார். சாப்பாடு 1,240. அதற்குக் கீழே ‘ஸ்டாஃப் கான்ட்ரிபியூஷன்’ 124. இரண்டையும் கூட்டி, அதன்மேல் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. மொத்தம் 1,432. அப்பாவின் விரல் 124-ல் நின்றது. “இது கவர்ன்மென்ட் வரியாடா?” என்றார். ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் ‘சர்வீஸ் டாக்ஸ்’ என்று ஒன்று இருந்தது, அந்த ஞாபகத்தில் இன்னும் பாதிப் பேர் இதையும் அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது என்றே நினைக்கிறார்கள். இல்லைப்பா என்றேன். பரிமாறிய பையனைக் கூப்பிட்டார். தர்மபுரிப் பக்கத்துப் பையன், இருபது வயது இருக்கும்.

“தம்பி, இந்த 124 ரூபா உன் கைக்கு வருமா?”

“மாசக் கடைசில பிரிச்சுக் குடுப்பாங்கன்னு சொன்னாங்கய்யா. நான் வந்து ரெண்டு மாசம் ஆகுது.”

வந்ததா இல்லையா என்று அவன் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. மேனேஜரிடம் போய் இதை எடுத்துவிடுங்கள் என்றார். மேனேஜர் மறுபேச்சே பேசவில்லை. ஒரு பொத்தானைத் தட்டினார், 1,302 என்று புதுப் பில் வந்தது. அந்தப் பொத்தானை அமைத்துக் கொடுத்தவன் நான். ‘கேட்டால் மட்டும் எடுக்க’ என்று முதலாளி சொல்லி வைத்தது. ஆக, வாய் திறந்து கேட்பவருக்கு அதே சாப்பாடு 1,302, கூச்சப்படுபவருக்கு 1,432. அப்பா சோம்புத் தட்டில் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டு வெளியே வந்தார். வண்டியில் ஏறும்போது, “உனக்கும் இதுல பங்கு உண்டாடா?” என்று கேட்டார்.

முதலாளிகளே, நம்மிடம் இதற்கெல்லாம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. தீட்டிவிட்டான், மொட்டை அடித்துவிட்டான், தலையில் மிளகாய் அரைத்துவிட்டான், பட்டை நாமம் சாத்திவிட்டான். இந்த ஊர்க்காரர்களும் ‘பங்கநாமம்’ என்றுதான் சொல்கிறார்கள், நெற்றியில் போடுவதில் இரண்டு மொழிக்கும் சண்டையே இல்லை. ஆனால் இத்தனையும் ஏமாந்தவன் வாயில் வருகிற சொற்கள். வாங்குகிறவர் தன் பங்குக்கு வைத்துக்கொள்ளும் பெயர்தான் எப்போதும் கோட்டு சூட்டுப் போட்டு ஆங்கிலத்தில் வருகிறது. ‘கூடுதல்’ என்பதற்கு நம் சந்தையில் ஒரே ஒரு நல்ல சொல் இருந்தது, கொசுறு. கன்னடத்திலும் தெலுங்கிலும்கூடக் கொசரு என்பார்கள். அது விற்கிறவர் வாங்குகிறவருக்குக் கொடுத்தது. கே.ஆர். மார்க்கெட்டில் இன்றும் கீரைக்கார அம்மா கறிவேப்பிலையைப் பையில் திணித்துவிட்டுத்தான் காசு வாங்குகிறார்.

ஆட்டோக்காரரை நாம் எல்லோரும் திட்டுகிறோம். 2025 ஆகஸ்டிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18, ராத்திரி 10 மணியிலிருந்து 5 மணி வரை ஒன்றரை மடங்கு என்று அரசு கட்டணம் வைத்திருக்கிறது. அவர் “மீட்டர் மேலே ஐம்பது கொடி” என்கிறார், கன்னடத்தில் ‘கொடுங்கள்’ என்று அர்த்தம். அநியாயம்தான். ஆனால் ஏறுவதற்கு முன்னால் சொல்கிறார், முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். வேண்டாம் என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம். உங்கள் வரி கை கழுவிய பிறகுதானே வருகிறது? நின்றுகொண்டே சாப்பிடும் தர்சினி ஓட்டலில் இந்த வித்தை நடக்காது, அங்கே முதலில் காசு, பிறகுதான் தோசை.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். வாடகை, சிலிண்டர், டெலிவரி ஆப் பிடிக்கிற கமிஷன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பி வராத மாஸ்டர். போர்டில் விலையை ஏற்றினால் கஸ்டமர் எதிர்க் கடைக்குப் போய்விடுவான் என்பீர்கள். 2025 ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியபோது உங்களில் எத்தனை பேருக்குக் காபி விலையை மாற்றிக் கொடுத்தேன் என்று என் டைரியில் இருக்கிறது. காபி குடிக்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், மறுநாள் வந்து அதே மேஜையில் உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவனுக்குச் சம்பளம் கூட்ட வேண்டுமானால் இட்லியில் ஏற்றுங்கள், பிரியாணியில் ஏற்றுங்கள். அந்தக் காசை விலையில் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளர் உட்காருவார்.

அப்பா கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். பங்கு உண்டு. பெயர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் உங்களிடம் ‘விசிட் சார்ஜ்’ 300 வாங்கியிருக்கிறேன். “வந்தாத்தானேப்பா வேலை, வர்றதுக்குத் தனிக் காசா?” என்று ஆஸ்டின் டவுன் அண்ணாச்சி ஒருவர் கேட்டபோது, கம்பெனி ரூல் என்று சொல்லிச் சமாளித்தேன். கம்பெனியே நான்தான்.

ஆகவே பெயர் மாற்ற மட்டும் இனிமேல் கூப்பிடாதீர்கள். அந்த வரியை எடுத்துவிட்டு மெனு விலையைத் திருத்த வேண்டும் என்றால், கடை சாத்திய பிறகு போன் போடுங்கள், அன்றைக்கே வந்து முடித்துக் கொடுத்துவிடுவேன். விசிட் சார்ஜ் கிடையாது. வருடச் சந்தாவில் 600 ரூபாய் ஏற்றியிருக்கிறேன், உங்களுக்கு வரும் தாளில் முதல் வரியிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பில் மெஷின்காரன்,
அல்சூர்.